சுவரில் எழுதிய கரண்டுக் கணக்கு

கார்த்திகை 2, ஞாயிறு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இவர்கள்: தறிக்குடோன் முதலாளி வையாபுரி. அவர் பெண்டாட்டி அருக்காணி, பச்சைச் சேலை. தறி மேஸ்திரி ரங்கன். தார் மிஷினில் நூல் சுற்றுகிற பழனியம்மா. என் தம்பி சென்னியப்பன், கையில் மீட்டர் பெட்டியோடு. நான், இடுப்பில் என் கைக்குழந்தை பூங்கொடி. அப்புறம் அவர், என் வீட்டுக்காரர்.

வேறு யாரும் இல்லை. பழனியம்மாவின் புருஷனும் இருந்தான் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். பொய். அவன் சந்தைக்குப் போயிருந்தான். நான் மூன்றாவதுதான் படித்தேன், ஆனால் யார் எங்கே நின்றார்கள் என்பதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

நாற்பது வருஷம் இருக்கும், சோமனூரில் நடந்தது. முந்தின நாள் கார்த்திகை தீபம். தறிகளை மத்தியானமே நிறுத்திவிட்டார்கள். மறுநாளைக்கு நூல் வேண்டும் என்று தார் மிஷின் மட்டும் ஓடியது. குடோனுக்குப் பின்னால் லைன் வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். பொழுது சாய்ந்ததும் எங்கள் வாசல், குடோன் வாசல், குடோன் ஜன்னல் எல்லாவற்றுக்கும் அகல் வைத்துவிட்டு வந்து பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். குடோனில் தீ என்று பழனியம்மா கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தறிகள் போயின, நூல் போனது, கூரை போனது.

தார் மிஷின் மோட்டாருக்கு அவர்தான் புதிதாக வயர் இழுத்திருந்தார். அந்தக் குடோனுக்கு அவர்தான் வயர்மேன்.

மறுநாள் காலையில் சென்னியப்பன் வந்தான். பாலிடெக்னிக் முதல் வருஷம். காலேஜ் மீட்டரைக் கேட்டு வாங்கி வந்திருந்தான், ஊருக்குக் காட்ட. இரும்புக் கூட்டுக்குள் மோட்டார் தப்பித்திருந்தது. அதன் இரண்டு முனையிலும் ஊசியை வைத்தான். "எட்டு ஓம்ஸ்" என்றான். ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதினான். லைனில் வருகிற வோல்ட் இருநூற்று முப்பதை எட்டால் வகுத்தான். இருபத்தொன்பது வந்தது.

"இந்த வயரு பத்து ஆம்ஸ் கரண்டுதானுங்க தாங்கும். போனது இருபத்தொம்பது. வயரு பழுத்து, பஞ்சுல புடிச்சுருச்சு" என்றான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவன் மாதிரி.

வையாபுரி திரும்பினார். "ஏப்பா வயர்மேன், உன்ற மச்சினனே எழுதிப்போட்டான். நீ என்ன சொல்ற?"

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தரையை. "என்ற தப்புதானுங்க" என்றார்.

விடியக்காலையில் என்னிடம் அவர் சொன்னது வேறு. "நெருப்புப் புடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் வயரத் தொட்டுப் பாத்தேன். சில்லுனு இருந்துச்சு" என்றார். அதை ஏன் அங்கே சொல்லவில்லை? கேட்டேன். அன்றைக்கும் கேட்டேன், சாகிற வரைக்கும் கேட்டேன். "கணக்குக்கு முன்னாடி கை எம்மாத்திரம்" என்று சிரிப்பார்.

இதையெல்லாம் இன்றைக்கு எழுத வேண்டிய காரணம், சென்னியப்பன் பெண்டாட்டி சரோஜா ஈரோட்டிலிருந்து போன் செய்தாள். அவனுக்கு இருதயத்தில் ஆபரேஷனாம். அதற்கு முன்னால் அக்காவைப் பார்க்க வேண்டுமாம்.

"அந்தக் கணக்கத் திருப்பி எடுத்துக்கச் சொல்லு, வாறேன்" என்று வைத்துவிட்டேன்.

கார்த்திகை 4, செவ்வாய்

ரேஷன் கடையில் விரல் ரேகை விழவில்லை. தேய்ந்துவிட்டதாம். மிஷின் வைத்திருந்த பெண் "வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க பாட்டி" என்றாள். நான் பூங்கொடியைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். கடையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "செத்தவரு பேரச் சொன்னா எந்திரிச்சா வந்துருவாரு?" என்றாள் ஒருத்தி. வந்தால் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சொல்லவில்லை. இதுவரை சொன்னதில்லை, எழுதினதும் இல்லை.

துவரம் பருப்பு புழுவாக இருந்தது. மாற்றித் தரச் சொன்னேன், தந்தாள்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். பேனா மாதிரி செருகியிருப்பார். உடம்பில் ரப்பர் வாசம். கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்துக் கிழிப்பார். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு முதல் பல்பை அவர்தான் மாட்டினார். சுவிட்சைப் போடச் சொல்லி என் கையைப் பிடித்து வைத்தார். வெளிச்சம் வந்ததும் நான் பல்பைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கை அன்றைக்குப் பிறகு வயரைத் தொடவில்லை. சோமனூரில் எவனும் கூப்பிடவும் இல்லை. திருப்பூருக்கு வந்தோம். பனியன் மில் கேட்டில் காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனால்கூட ஆளைக் கூப்பிடுவார்.

கார்த்திகை 5, புதன்

சரோஜா மறுபடியும் போன். எடுக்கவில்லை. மழை. துணி காயவில்லை.

கார்த்திகை 9, ஞாயிறு

பூங்கொடியின் மகள் தாரணி பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கரண்டுப் படிப்பு. அவள் அப்புச்சியைப் போல, அவரைப் போல. நாளைக்குப் பரீட்சை என்று சமையலறையில் உட்கார்ந்து கத்திப் படித்துக்கொண்டிருந்தாள். நான் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் வாயிலிருந்து "இருநூத்தி முப்பது வோல்ட், எட்டு ஓம்ஸ்" என்று விழுந்ததும் என் கை நின்றுவிட்டது.

"இருபத்தொன்பது" என்றேன்.

"என்ன அம்மாயி?"

"வகுத்தா இருபத்தொன்பது வரும்."

அவள் சிரித்தாள். "இது காயிலு அம்மாயி, சுருட்டி வச்ச கம்பி. ஏ.சி. சப்ளை. வெறுமனே எட்டால வகுத்தா எங்க மேடம் முட்டை போட்டுருவாங்க."

அவரைக்காயைக் கீழே வைத்தேன். சொல்லு என்றேன். புரிகிற மாதிரி சொல்லு என்றேன்.

"காயில்ல ரெண்டு தடை இருக்கு. ஒண்ணு, செம்புக் கம்பியோட தடை. மீட்டர வச்சா அது தெரியும். மீட்டருக்குள்ள இருக்கறது பேட்டரிதான? பேட்டரி கரண்டு ஒரே பக்கமா நேரா போகும். ஆனா நம்ம வீட்டுக் கரண்டு அப்படி இல்ல, முன்னயும் பின்னயும் ஆடிக்கிட்டே இருக்கும். அது ஆடறத காயில் விடாது, முரண்டு புடிக்கும். அந்த முரண்டுதான் ரெண்டாவது தடை. மீட்டருக்கு அது தெரியவே தெரியாது."

"அது எத்தனை?"

"இந்தக் கணக்குல முப்பத்தெட்டு."

"அப்ப எட்டும் முப்பத்தெட்டும் நாப்பத்தாறு."

"அங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க. நேராக் கூட்டக் கூடாது. நீ வாசல்ல இருந்து செவுத்த ஒட்டி நடந்து மூலைக்குப் போய், திரும்பி அடுத்த செவுத்த ஒட்டி நடந்தா ரெண்டு தூரமும் சேரும். குறுக்கால போனா கொறையும்ல? அந்தக் குறுக்குத் தூரத்ததான் எடுக்கணும்." ஏதோ பெருக்கினாள், கூட்டினாள், வர்க்கமூலம் எடுத்தாள். "முப்பத்தொன்பதுகிட்ட வருது. இப்ப இருநூத்தி முப்பத இதால வகு. ஆறு ஆம்ஸ்கூட இல்ல."

பத்து தாங்கும் வயரில் ஆறு.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடோன், கரித்துண்டு, சுவர். அவள் பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள். "அந்த மோட்டாருக்கு ரெண்டாவது தடை எவ்வளவுன்னு இப்பச் சொல்ல முடியாது அம்மாயி. ஆனா அது என்ன மோட்டாரு?"

"அரைக் குதிரை. நம்ம கிரைண்டர்ல இருக்கற மாதிரிதான்."

"அப்ப கிரைண்டரையே அளந்துரலாம். காலேஜ்ல கேட்டு மீட்டர் கொண்டாறேன்."

குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன் என்று பூங்கொடி சொன்னாள். மறக்கவில்லை. போட மனசு வரவில்லை.

கார்த்திகை 11, செவ்வாய்

சென்னியப்பனுக்கு அடுத்த புதன்கிழமை ஆபரேஷன் என்று பூங்கொடி சொல்கிறாள். சரோஜா இப்போது அவளுக்குப் போன் செய்கிறாள் போலிருக்கிறது. "பாவம்மா, ஒருக்கா போய்ட்டு வா" என்கிறாள்.

இவளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி இல்லை. அவன் தட்டோடு வந்து தெருமுனையில் நின்றான். நான் கதவைச் சாத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் மடியில் வைத்துக் குத்தினோம். இவள் கல்யாணத்துக்கும் அவனை அழைக்கவில்லை. "விடு, சின்னப் பையன், அவனுக்குத் தெரிஞ்சதச் சொன்னான்" என்பார் அவர். அவரால் முடிந்தது. என் புருஷனைத் தலைகுனிய வைத்தவனை என்னால் முடியாது.

அவர் குணம் அப்படி. எல்லாரும் வேண்டும். தீபாவளிக்கு நான் கச்சாயம் சுட்டால் தூக்குப்போசி நிறைய எடுத்துக்கொண்டு போவார், மில்லில் இருக்கிறவர்களுக்கு என்று. வெல்லம் கொஞ்சம் தூக்கலாகப் போடு என்று வேறு சொல்வார். திரும்பி வர ராத்திரி ஆகும்.

கார்த்திகை வந்தால் விளக்கு அவர்தான் ஏற்றுவார். என்னை விடமாட்டார். உனக்கு இடுப்பு வலிக்கும் என்பார். ஜன்னலில் வைக்கமாட்டார், மரப்பலகையில் வைக்கமாட்டார். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைப்பார். கடைசி விளக்கு அணைகிறவரை பக்கத்திலேயே குந்தியிருப்பார். "உங்க அப்புச்சி வெளக்குக்கும் வாட்ச்மேன்" என்று தாரணியிடம் கேலி பேசியிருக்கிறேன். குழந்தை மாதிரி அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். அவர் போனபிறகு பூங்கொடிதான் ஏற்றுகிறாள்.

கார்த்திகை 15, சனி

தாரணி மீட்டர் கொண்டுவந்தாள். ஒன்று ஊசி வைக்கிற மீட்டர். இன்னொன்று நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து வயரைக் கவ்வுகிறது. வயரை அறுக்காமலே எவ்வளவு கரண்டு போகிறது என்று சொல்லிவிடுமாம். அது அன்றைக்கு ஒருவனிடம் இருந்திருந்தால் என்று நினைத்தேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஊசியை வைத்தாள். மோட்டார் காயில் எட்டு ஓம்ஸ் என்று காட்டியது. அதே எட்டு.

பிறகு கிரைண்டரில் அரிசியைப் போட்டு ஓடவிட்டு, வயரைக் கொடுக்கால் கவ்வினாள். பூஜ்யம்.

"என்னடி, கரண்டே போகலையா? கல்லு சுத்துதே" என்றேன்.

"ஐயோ, முழு வயரையும் கவ்விட்டேன்." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உள்ள ரெண்டு கம்பி இருக்கு அம்மாயி. ஒண்ணுல போறதும் ஒண்ணுல வர்றதும் ஒண்ணுக்கொண்ணு அழிச்சுக்கும். தனித்தனியாப் பிரிச்சு ஒண்ண மட்டும் கவ்வணும்."

மேல்தோலைக் கத்தியால் கீறப் போனாள். பூங்கொடி ஓடிவந்தாள். "போன மாசம்தான் புது வயரு மாத்துனேன். ரெண்டு பேரும் என்ற கிரைண்டரை நாசம் பண்ணுங்க!"

"உங்கப்பன் மானம் பெருசா, வயரு பெருசாடி?" என்றேன். அவள் பேசாமல் போய் டேப் எடுத்து வந்து கொடுத்தாள்.

மறுபடி ஓடவிட்டு ஒரு கம்பியை மட்டும் கவ்வினாள். எண் கொஞ்சம் ஆடி நின்றது. மூன்று.

எட்டால் வகுத்தால் இருபத்தொன்பது என்று சொல்லும் மோட்டார் குடிக்கிற கரண்டு மூன்றுதான். "ஓடறப்ப மோட்டாருக்குள்ள இன்னும் சில சங்கதி இருக்கு, அதான் இன்னும் கொறையுது. எப்படிப் பாத்தாலும் அப்புச்சி வயரு சூடாகியிருக்காது. தொட்டா சில்லுனுதான் இருக்கும்" என்றாள் தாரணி.

அவள் கிரைண்டரை நிறுத்தப் போனாள். ஓடட்டும் என்றேன். நெடுநேரம் உட்கார்ந்து பார்த்தேன். மாவு அரைபட்டு அரைபட்டுப் பசை மாதிரி ஆகிவிட்டது. தோசை கல்லை விட்டு வரவில்லை. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

கார்த்திகை 16, ஞாயிறு

ஈரோட்டுக்குப் போகப் போகிறேன். மன்னிக்க அல்ல. அவன் கண்ணுக்கு முன்னால் கணக்கை வைத்து, தப்பு என்று அவன் வாயால் சொல்ல வைக்க. கத்தி வைத்து ஒன்று ஆகிவிட்டால் பிறகு யாரிடம் போய்ச் சொல்வது? தாரணி பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது. கச்சாயம் சுட்டேன். சிறுவயதில் அவனுக்குப் பிடிக்கும்.

கார்த்திகை 18, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க வெள்ளை. அப்பாவின் காது அப்படியே இருந்தது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"வாக்கா" என்றான். எழுந்திருக்கப் பார்த்தான். சரோஜா தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே போனாள். தாரணி என் பக்கத்தில் நின்றாள்.

நலம் விசாரிக்கவில்லை நான். தாளை அவன் மடியில் வைத்தேன். "படி. நீ எழுதினது தப்பு."

கண்ணாடி போட்டுப் படித்தான். மெதுவாகத்தான் படித்தான், ஆனால் முகம் மாறவில்லை. "சரியாப் போட்டிருக்கு. யாரு, இந்தப் புள்ளையா? கெட்டிக்காரி."

"தப்புன்னு சொல்லுடா."

"தப்புதான்க்கா. அடுத்த வருஷமே எனக்குத் தெரியும்."

என்னது என்றேன்.

"முதல் வருஷம் பேட்டரி கரண்டு மட்டும்தான் நடத்துனாங்க. ரெண்டாம் வருஷம் ஏ.சி. பாடம் வந்துச்சு. பெஞ்சுல உக்காந்திருந்தவன் அப்படியே எந்திரிச்சு ஓடியாந்தேன். மில்லு கேட்டுல மாமாவப் பாத்து, கால்ல விழுந்தேன். ஊரக் கூட்டித் தப்புன்னு சொல்றேன் மாமான்னு அழுதேன்."

"அவரு?"

"வேண்டாம்னுட்டாரு."

"ஏன்?"

சென்னியப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "தீய அணைக்கறப்ப மாமாதான மொதல்ல உள்ள போனாரு? வயரு போற செவுரு அப்ப எரியவே இல்லயாம். எரிஞ்சுது ஜன்னலாம். ஜன்னல் கட்டையில இருந்த பஞ்சுல புடிச்சுத்தான் கூரைக்கு ஏறுச்சாம்."

நான் அவன் மடியிலிருந்த தாளை எடுத்து மடித்தேன்.

"ஜன்னல்ல அகல் வச்சது நீதானக்கா. 'வயரு இல்லன்னா அப்புறம் எல்லாரும் வெளக்கத்தான் பாப்பாங்கடா'ன்னாரு மாமா. 'கார்த்திகை வெளக்குல குடோன் எரிஞ்சுதுன்னா உங்கக்காள ராசி கெட்டவன்னு ஊரே சொல்லும். கைக்குழந்தைக்காரி. அவ தாங்கமாட்டா. என்ற தப்புன்னா வேலை மட்டும்தான் போகும். என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னுட்டிருந்தேன், நீ எழுதுன கணக்கு சாமி குடுத்த மாதிரி வந்துச்சு. அதை அழிக்காத'ன்னாரு. உன்ற தலை மேல சத்தியம் வாங்கிட்டாரு."

"நல்ல எடமாப் பாத்துத்தான் வச்சேன்" என்றேன். "காத்து அடிக்காத எடம்."

"சரிக்கா."

"பஞ்ச ஊதி விட்டுட்டுத்தான் வச்சேன்."

"சரிக்கா."

தாரணி என் தோளில் கை வைத்தாள். தட்டிவிட்டேன். பிறகு நானே பிடித்துக்கொண்டேன்.

கொண்டுபோன தூக்குப்போசியைத் திறந்தேன். வேறு என்ன செய்ய? அவன் ஒரு கச்சாயத்தை எடுத்துப் பிட்டு வாயில் போட்டான். "வெல்லம் தூக்கல். அதே பக்குவம்" என்றான்.

"எத்தனை வருஷம் ஆச்சு, நாபகம் வச்சிருக்கியா?"

அவன் சரோஜா போன கதவைப் பார்த்தான். "மாமா தீபாவளிக்குத் தீபாவளி கொண்டாருவாரு. இதே போசியில. நான் தின்னு முடிக்கற வரைக்கும் உக்காந்திருந்துட்டு, கழுவி எடுத்துட்டுப் போவாரு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது தாரணி பேச்சுக் கொடுத்தாள். எனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கார்த்திகை 19, புதன்

ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்ததும் அக்கா சாப்பிட்டுச்சா என்று கேட்டானாம்.

கார்த்திகை 24, திங்கள்

பூங்கொடி அலமாரியைச் சுத்தம் செய்தாள். அவருடைய டெஸ்டர் கிடைத்தது. மண்டைக்குள் சின்ன விளக்கு இருக்கும் அது. பிளக் பாயிண்டில் வைத்துப் பார்த்தாள், எரிந்தது. தாரணி கேட்டாள். கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தேன்.

கார்த்திகை 28, வெள்ளி

இன்றைக்குத் தீபம்.

நானே ஏற்றுகிறேன் என்றேன். பூங்கொடி "இடுப்பு வலிக்கும்மா" என்றாள். அவள் அப்பா சொன்ன அதே சொல். ஆஸ்பத்திரியில் கேட்டது அவளுக்குத் தெரியாது, தாரணி சொல்லவில்லை. வலிக்கட்டும் என்றேன்.

வாசலில் வைத்தேன். படியில் வைத்தேன். கடைசி அகலை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்குப் போனேன். அங்கே நின்றேன். காற்றே இல்லை. திரைத்துணி மட்டும் ஒருமுறை உள்ளே வந்து என் கையைத் தொட்டுவிட்டுப் போனது. திரும்பி வந்து, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்தேன். அணைகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாரணி பொரி உருண்டை கொண்டுவந்து தந்தாள், பாகு முற்றல்.

உட்கார்ந்து ஒவ்வொருவராக நினைத்தேன். வையாபுரி, செத்துப் போனார். அவரை விட்டுவிட்டேன். அருக்காணி, நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது நான் விலைக்குக் கொடுத்த மிச்ச விறகை வாங்கிக்கொள்ளாமல் வேறொருத்தியிடம் வாங்கினாள், அவளையும் விட்டுவிட்டேன். ரங்கன், பழனியம்மா, வாயே திறக்காமல் நின்றார்கள், போகட்டும். சென்னியப்பன் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். பொங்கலுக்கு வருகிறேன் என்கிறான். வரட்டும். பூங்கொடிக்குத் தாய்மாமன் சேலை எடுத்துக் கொடுக்கட்டும்.

ஒருத்தரை மட்டும் விடமாட்டேன். என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, என் சோற்றைத் தின்றுகொண்டு, நான் கேட்கும்போதெல்லாம் சிரித்தவர். எனக்கு வர வேண்டிய பேச்சைத் தான் வாங்கிக்கொண்டு காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்தவர். என் தம்பியை எனக்கு இல்லாமல் செய்து, தான் மட்டும் போய்ப் பார்த்தவர். நான் தாங்கமாட்டேன் என்று தானே முடிவு செய்தவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் தாங்கியிருப்பேன்.

அவரை மன்னிக்கமாட்டேன். பெயரைச் சொன்னால் எழுந்து வந்துவிடுவாரா என்று ரேஷன் கடையில் ஒருத்தி கேட்டாள் அல்லவா? வரட்டும். எழுதியே கூப்பிடுகிறேன், வந்து பதில் சொல்லட்டும்.

நாச்சிமுத்து.